எட்வின் காலின்ஸ்: ஒரே பாட்டில் முடிந்துபோனவரா?

ரெக்கார்டு ராசா:

"எ கேர்ள் லைக் யூ" பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் கரகர கிட்டார் ஆரம்பித்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். பாடியவர் யார் என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். எட்வின் காலின்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். 1995 இல் அந்தப் பாட்டு பிரிட்டன் பட்டியலில் 4 ஆம் இடம், அமெரிக்காவில் 32. அவர் தனிப்பெயரில் வந்த வேறு எதுவும் அந்த உயரத்துக்குப் போகவில்லை. அதனால் "ஒரே பாட்டுப் பிரபலங்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் இவரைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இண்டி (சின்ன, சுயேச்சை லேபிள்கள் வழியாக வளர்ந்த கிட்டார் இசை) பேண்டிலிருந்து தனியாகப் போனவர்கள் என்றால் நாம் மொரிஸ்ஸி, டேமன் ஆல்பர்ன், ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் பற்றித்தான் பேசுகிறோம். அவர்களுடைய பேண்டுகள் பெரியவை, ரசிகர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். காலின்ஸின் பேண்டான ஆரஞ்சு ஜூஸ் 1985 இல் முடிந்தபோது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ஹிட். அங்கிருந்து நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். நடுவில் மூளையில் ரத்தக் கசிவு வேறு. இது எப்படி முடிந்தது என்று பேசலாம் என்றுதான் இந்த இழை.

வினைல் வேலு:

ராசா, பேண்டை ரொம்ப லேசாகத் தாண்டிப் போகிறீர்கள். ஆரஞ்சு ஜூஸ் இல்லாமல் காலின்ஸ் கதை புரியாது.

1976 இல் கிளாஸ்கோ பக்கத்தில் பேர்ஸ்டன் என்ற வசதியான புறநகரில் நூ-சோனிக்ஸ் என்று ஆரம்பித்தார்கள். ஒரு மலிவான கிட்டார் மாடலின் பெயர் அது. 1979 இல் ஆரஞ்சு ஜூஸ் ஆனது. அந்தக் காலத்தில் பங்க் என்றால் தோல் ஜாக்கெட், முறைப்பு, எச்சில் துப்பல். இவர்கள் நெற்றியில் முடி விழ, பழைய கடைச் சட்டை போட்டுக்கொண்டு, வெட்கப்படுகிற பையனின் குரலில் காதல் தோல்வி பாடினார்கள். கிட்டார் பாதி வெல்வெட் அண்டர்கிரவுண்ட், பாதி ஷிக். நியூயார்க் இரைச்சலையும் டிஸ்கோவையும் ஒன்றாகப் போடலாம் என்று 1980 இல் ஸ்காட்லாந்தில் நினைத்ததே பெரிய துணிச்சல். வாசிக்கவும் முழுசாக வராது. அந்தத் தடுமாற்றம்தான் இன்றைக்கும் அந்த முதல் சிங்கிள்களைப் புதுசாக வைத்திருக்கிறது.

அவற்றை வெளியிட்டது போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ். ஆலன் ஹார்ன் என்பவர் கிளாஸ்கோவில் வெஸ்ட் பிரின்சஸ் தெருவில் தன் வீட்டிலிருந்தே நடத்திய லேபிள். உறையில் மேளம் தட்டும் பூனை, கூடவே "இளம் ஸ்காட்லாந்தின் ஒலி" என்று ஒரு வாசகம். அமெரிக்க லேபிளான மோட்டவுன் தன்னை இளம் அமெரிக்காவின் ஒலி என்று சொல்லிக்கொண்டதைக் கிண்டலடித்தது. ஜோசஃப் கே, அஸ்டெக் கேமரா, ஆஸ்திரேலியாவிலிருந்து கோ-பிட்வீன்ஸ் என்று கொஞ்ச பேர்தான் அதில். சீக்கிரமே கடையைக் கட்டினார்கள். ஆனால் எண்பதுகளில் வந்த கிட்டார் இண்டி முழுக்க அந்த வீட்டு அறைக்குக் கடன்பட்டிருக்கிறது. ஸ்மித்ஸ் பேண்ட் வருவதற்கு முன்னாலேயே அந்த மணியோசை கிட்டார் அங்கே கேட்டாகிவிட்டது. பிற்பாடு பெல் அண்ட் செபாஸ்டியன், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் எல்லாம் அந்த வழிதான்.

சந்தேகச் சாமி:

வேலு அண்ணே, "எல்லாருக்கும் முன்னோடி" என்று சொல்வது தோற்றுப்போன எல்லா பேண்டுக்கும் ரசிகர்கள் கொடுக்கிற ஆறுதல் பரிசு. விற்றதா? அதைச் சொல்லுங்கள்.

வினைல் வேலு:

விற்றது சாமி, ஒரு தடவை. 1981 இல் பாலிடோர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனார்கள். 1983 ஆரம்பத்தில் "ரிப் இட் அப்" 8 ஆம் இடம். அந்தப் பாட்டில் ஓடுகிற குமிழிக் குமிழியான பேஸ், ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டியில் வாசித்தது. பேஸ் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்த கருவி, யாரும் வாங்காமல் கம்பெனி தயாரிப்பையே நிறுத்தியது. அதே பெட்டியை வைத்துத்தான் பிறகு சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசை பிறந்தது. பிரிட்டன் பட்டியலின் முதல் பத்துக்குள் முதலில் அதை ஏற்றியவர்கள் இந்த வெட்கப்படும் பையன்கள். நடுவில் பஸ்காக்ஸ் பேண்டின் ஒரு கிட்டார் துணுக்கையும் எடுத்து வைத்து, அவர்களைப் பெயர் சொல்லாமல் கும்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த நேரத்திலேயே பேண்ட் உடைந்துகொண்டிருந்தது. கிட்டார் ஜேம்ஸ் கிர்க், டிரம்ஸ் ஸ்டீவன் டேலி இருவரும் 1982 இல் வெளியே. ஜிம்பாப்வேயில் பிறந்த ஸீக் மன்யிகா டிரம்ஸுக்கு வந்தார், ஆட்டம் சூடு பிடித்தது. கடைசி ஆல்பத்தில் காலின்ஸும் மன்யிகாவும் மட்டும்தான் மிச்சம். டென்னிஸ் போவெல் தயாரித்தார், ஜமைக்கா இசையான ரெகேயில் பெரிய கை. என்னைக் கேட்டால் அதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பம். கம்பெனி கைவிட்டது, கதை முடிந்தது.

ரெக்கார்டு ராசா:

சரி, அங்கிருந்து நான் தொடர்கிறேன். 1985 முதல் 1994 வரை உள்ள காலத்தை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமான காலம்.

1987 இல் ஒரு சிங்கிள் வந்தது, காக்டோ ட்வின்ஸ் பேண்டின் ராபின் கத்ரி தயாரித்தது. கிரியேஷன் லேபிளின் ஆலன் மெகீ ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்து எலிவேஷன் என்று ஒரு கிளை லேபிள் தொடங்கியிருந்தார், அதில். லேபிள் நிலைக்கவில்லை. முதல் தனி ஆல்பம் வெளிவர 1989 ஆகிவிட்டது. அதையும் ஜெர்மனியில் கொலோனில் போய்ப் பதிவு செய்தார். "ஹோப் அண்ட் டெஸ்பேர்" என்று பெயர் வைத்தவருக்கு அந்த வருஷங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் இன்னொன்று, இன்னும் அமைதியானது. இரண்டும் பெரிதாக விற்கவில்லை.

பிறகு நாலு வருஷம் தன் பெயரில் ஆல்பம் இல்லை. அந்த நேரத்தில் அவர் மற்றவர்களுக்கு ஆல்பம் தயாரித்துக் கொடுத்தார், பழைய ஒலிப்பதிவுச் சாமான்களை வாங்கிச் சேர்த்தார். மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல்தான் மேனேஜர், ஆரஞ்சு ஜூஸ் கடைசிக் காலத்திலிருந்தே. பெரிய கம்பெனி எதுவும் கதவைத் திறக்காததால் தாங்களே செய்துகொள்வது என்று பழகிவிட்டார்கள். 1994 இல் "கார்ஜியஸ் ஜார்ஜ்" ஆல்பத்தை அவரே தயாரித்து, லண்டனில் இருந்த செட்டான்டா என்ற சின்ன லேபிளில் கொடுத்தார். அதில்தான் "எ கேர்ள் லைக் யூ".

அந்தப் பாட்டை முதலில் வெளியிட்டபோது பிரிட்டன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டில் பற்றிக்கொண்ட பிறகு, 1995 இல் மறுபடி விட்டபோதுதான் சொந்த ஊர் திரும்பிப் பார்த்தது.

மிக்ஸர் மணி:

நான் ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன், அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும்.

டிரம்ஸ் புதிதாக வாசித்தது இல்லை. அறுபதுகளில் வந்த லென் பாரியின் "1-2-3" பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. நடுநடுவே ஜில்லென்று கேட்பது வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி. வாசித்தவர் யார் தெரியுமா? பால் குக், செக்ஸ் பிஸ்டல்ஸ் டிரம்மர்! பங்கின் டிரம்மரைக் கூப்பிட்டு வைப்ரஃபோன் கொடுத்திருக்கிறார். மேலே அந்தக் கரகர ஃபஸ் கிட்டார். எல்லாம் பழைய சாமான், பழைய ஒலி. ஆனால் 1995 வானொலியில், அப்போதைய பிரிட்டிஷ் கிட்டார் அலையான பிரிட்பாப் பேண்டுகளுக்கு நடுவே அதைப் போட்டால் அதுதான் புதுசாகத் தெரிந்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டையும் கேளுங்கள். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது, கோடைகால இசை விழாக்களையும் அங்கே மேடை ஏறும் பாவனைகளையும் கிழி கிழி என்று கிழிக்கிறார். இண்டி உலகம் தன்னைத்தானே கொண்டாடிக்கொண்டிருந்த வருஷத்தில் அப்படி ஒரு பாட்டை முதலில் வைக்கக் கொழுப்பு வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த கொழுப்பு.

ராசா கேட்ட "எப்படி ஓட்டினார்" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஹிட் வந்ததும் அந்தப் பணத்தில் அவர் செய்தது ஸ்டூடியோ. லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெடில் வெஸ்ட் ஹீத் ஸ்டூடியோஸ். உள்ளே பழைய நீவ் கன்சோல் (ஒலிகளைக் கலக்கும் மேசை), பழைய மைக்குகள். ஸ்டூடியோ சொந்தமாக இருந்தால் ஆல்பம் செய்ய யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம். முன்பணம் வாங்கவில்லை என்றால் மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, உங்களுடையது. அடுத்த ஆல்பம் ஓடாவிட்டாலும் யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது, மற்ற பேண்டுகள் வந்து வாடகை கொடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். த கிரிப்ஸ் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தை அவர்தான் தயாரித்தார். ஒரே ஒரு ஹிட் கொடுத்த எத்தனையோ பேர் அடுத்த ஹிட்டைத் துரத்தியே அழிந்தார்கள். இவர் துரத்தாமல் கல்லும் மண்ணும் வாங்கிப் போட்டார்.

வினைல் வேலு:

மணி சொன்ன மாஸ்டர் விஷயத்துக்கு ஒரு வால். 2009 இல் அந்த ஹிட்டை ரசிகர்கள் இலவசமாகக் கேட்கட்டும் என்று மைஸ்பேஸ் இணையதளத்தில் தங்கள் பக்கத்தில் ஏற்றப் பார்த்தார்கள். "இதன் உரிமை உங்களிடம் இல்லை" என்று தளம் தடுத்துவிட்டது! உரிமை முழுக்க காலின்ஸிடம்தான். கிரேஸ் அதைப் பற்றிக் கொதித்து எழுதினார், செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. பெரிய கம்பெனிகளிடம்தான் உரிமை இருக்கும் என்று இயந்திரமே நம்பிவிட்டது, அவ்வளவுதான்.

சந்தேகச் சாமி:

ஸ்டூடியோ வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. 1995 வரை நானும் உங்கள் கட்சி. பிரச்சினை 2005 க்குப் பிறகுதான்.

நோய் வந்தது, மீண்டார், மரியாதைக்குரிய விஷயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களுக்கு எந்த விமர்சனத்தை எடுத்தாலும் முதல் பத்தியில் ஆஸ்பத்திரி. பாட்டைப் பற்றி நாலாவது பத்தியில்தான் பேசுகிறார்கள். அதே பாட்டை நோய் வராத 50 வயதுப் பாடகர் ஒருவர் கொடுத்திருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? அனுதாபத்தில் போடுகிற மதிப்பெண் அவருக்கும் மரியாதை இல்லை என்று நினைக்கிறேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ரெக்கார்டு ராசா:

கோபம் இல்லை சாமி, நியாயமான கேள்வி. முதலில் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காக: 2005 பிப்ரவரியில் மூளையில் ரத்தக் கசிவு, ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை. அறுவை சிகிச்சை, அதன் பிறகு மருந்துக்கு எளிதில் அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமித் தொற்று, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சு போய்விட்டது. ஆரம்பத்தில் அவரால் சொல்ல முடிந்தவை நான்கே நான்கு: "ஆமாம்", "இல்லை", மனைவியின் பெயர், அப்புறம் "சாத்தியங்களுக்கு முடிவே இல்லை" என்ற ஒரு வாக்கியம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். 2014 இல் வந்த ஆவணப்படத்துக்கு அந்த வாக்கியத்தையே பெயராக வைத்தார்கள்.

நாவன்மை:

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. பேச்சுப் பயிற்சி என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன்.

அவருக்கு வந்தது அஃபேசியா. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே இடப்பக்கம்தான். அதனால்தான் பேச்சும் வலது கையும் சேர்ந்து போகின்றன. அறிவு அப்படியே இருக்கும், சொல்ல நினைப்பதும் தெரியும், வார்த்தை மட்டும் பிடிபடாது. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதும் இந்நோயில் நாங்கள் பார்ப்பதுதான், அதில் மர்மம் ஏதும் இல்லை.

ஒரு வாக்கியம் பேச முடியாதவர்கள் பழைய பாட்டை முழுசாகப் பாடிவிடுவார்கள். குடும்பத்தார் அழுதுவிடுவார்கள். பாட்டின் மெட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுப்பது ஒரு காரணம். இதை வைத்தே 1973 இல் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள், சொற்களை ராகம் போல இழுத்து, கையால் தாளம் தட்டிச் சொல்ல வைப்பது.

ஆனால் பத்திரிகைகள் இங்கேதான் குழப்புகின்றன. மனப்பாடமான பாட்டைப் பாடுவது ஒன்று, புதுப் பாட்டு எழுதுவது முற்றிலும் வேறு. புதுப் பாட்டுக்குச் சொல்லைத் தேட வேண்டும், அடுக்க வேண்டும். அஃபேசியா அடிப்பதே அந்த இடத்தில்தான். நோய்க்குப் பிறகு எழுதிய 2010 ஆல்பம் "லூஸிங் ஸ்லீப்"பை நான் அனுதாபத்தோடு கேட்கவில்லை, தொழில்முறை வியப்போடு கேட்டேன். சந்தேகச் சாமி ஐயாவின் கேள்விக்கு இது பதில் ஆகாது என்று தெரியும். வியப்பு வேறு, ரசனை வேறுதான்.

மிக்ஸர் மணி:

நன்றி மேடம். (மேடம் தானே? சார் என்றால் மன்னிக்கவும்.)

வலது கை போனது என்றால் கிட்டார்காரருக்கு என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். இடது கையால் கார்டு பிடிப்பார், தந்தியைத் தட்டுவதற்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். வீட்டில் கிரேஸ் தட்டினார். இளமையில் கிளாஸ்கோ பூங்காத் துறையில் படம் வரைபவராக வேலை பார்த்தவர், பறவை என்றால் உயிர். அந்தக் கையும் போனது. இடது கையால் முதலில் இருந்து பழகி, ஒரு வாத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, கடைசியில் 2008 இல் பறவைப் படக் கண்காட்சியே வைத்துவிட்டார்.

ரெக்கார்டு ராசா:

சாமிக்கு என் பதில். 2007 இல் வந்த "ஹோம் அகெய்ன்" ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள குரல் நோய்க்கு முந்தையது. பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார், மிக்ஸிங் மட்டும் நோய்க்குப் பிறகு நடந்தது. ஆனால் கேட்பவர்கள் என்ன செய்கிறோம்? வீடு திரும்புவது பற்றி அவர் பாடினால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதாக எடுத்துக்கொள்கிறோம். தனிமை என்று பாடினால் பேச்சு இழந்த தனிமையாகக் கேட்கிறோம். நல்ல ஆரோக்கியமாக இருந்தபோது பாடியது!

சந்தேகச் சாமி:

அண்ணே, நீங்கள் என் கட்சிக்கே வாதாடிவிட்டீர்கள். நோயைக் கேட்கிறோம், பாட்டைக் கேட்கவில்லை என்றுதானே நானும் சொன்னேன்?

ரெக்கார்டு ராசா:

பாதிதான் உங்கள் கட்சி. அந்த ஆல்பம் நோய் இல்லாமலேயே நிற்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. விமர்சனம் சோம்பேறியாக இருந்தால் பாட்டு என்ன செய்யும்?

அடுத்தது "லூஸிங் ஸ்லீப்", 2010. இது முழுக்க நோய்க்குப் பிறகு எழுதியது. ஸ்மித்ஸின் ஜானி மார், அஸ்டெக் கேமராவின் ராடி ஃபிரேம், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டிலிருந்து இரண்டு பேர், கிரிப்ஸின் ரையன் ஜார்மன், அமெரிக்காவின் த டிரம்ஸ் எல்லோரும் வந்து வாசித்தார்கள். அனுதாபத்தில் வந்தார்கள் என்பீர்கள். பாதிப் பேர் ஆரஞ்சு ஜூஸ் கேட்டு கிட்டார் எடுத்தவர்கள், பழைய கடனை அடைக்க வந்தார்கள். எழுத்து மாறியிருக்கிறது என்பது உண்மை. முன்பு ஒவ்வொரு வரியிலும் நக்கல், அகராதி, இரட்டை அர்த்தம். இப்போது சின்னச் சொற்கள், ஒரே வரி மறுபடி மறுபடி. முன்பு நக்கலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர் இப்போது ஒளிய முடியாமல் நேராக நிற்கிறார். எனக்கு இந்த ஆள்தான் பிடித்திருக்கிறது.

வினைல் வேலு:

எனக்குப் பழைய ஆள்தான். இரட்டை அர்த்தம் இல்லாத காலின்ஸ் எனக்குக் கொஞ்சம் உப்புக் குறைவு. ஆனால் குரலில் மாற்றுக் கருத்து இல்லை. பேசும்போது தயங்குகிறார், பாட ஆரம்பித்தால் அதே கனமான பேரிடோன் இறங்குகிறது. 2007 இல் பிபிசி எலக்ட்ரிக் ப்ராம்ஸ் மேடையில் திரும்பி வந்தபோதே அது இருந்தது.

2019 இல் வந்த "பட்பே" ஆல்பத்தை யாரும் சொல்லவில்லையே? 2014 வாக்கில் லண்டனை விட்டு ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஹெல்ம்ஸ்டேல் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள், தாத்தா வழி ஊர். அங்கே மலைச்சரிவில் கிளாஷ்னாரோ என்று புது ஸ்டூடியோ. பழைய சாமான்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பட்பே என்பது பக்கத்தில் கடல் பாறை உச்சியில் கைவிடப்பட்ட ஒரு குடியிருப்பு. நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணை போடுவதற்காகப் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டிய குடும்பங்கள் அங்கே போய் வீடு கட்டின. காற்று தூக்கிக் கடலில் போட்டுவிடும் என்று குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் கயிற்றில் கட்டி வைப்பார்களாம். 1911 இல் கடைசி ஆளும் போய்விட்டார். இன்று வெறும் கற்சுவர்கள். அந்தப் பெயரில் ஓர் ஆல்பம், அதில் பாதிப் பாட்டு ஆட்டம் போட வைக்கிறது. புலம்பல் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

நாவன்மை:

மேடம்தான் மணி சார்.

2025 மார்ச்சிலும் ஓர் ஆல்பம் வந்தது, அவருடைய சொந்த லேபிளான ஏஇடி வழியாக. பெயரை பிபிசியின் பழைய குறிக்கோள் வாசகத்திலிருந்து எடுத்திருக்கிறார், "சமாதானம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துவிட்டுப் பாடினார். மேடையில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் பாடினார், பக்கத்தில் கைத்தடி.

மிக்ஸர் மணி:

புதிதாகக் கேட்பவர்களுக்கு: முதலில் "கார்ஜியஸ் ஜார்ஜ்" முழுசாக. பிறகு ஆரஞ்சு ஜூஸின் போஸ்ட்கார்ட் சிங்கிள்கள். அப்புறம் நேராக "லூஸிங் ஸ்லீப்". நடுவில் உள்ளதை நிதானமாக. தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்தப் பழைய மைக் எல்லாம் வீண்.

சந்தேகச் சாமி:

மணி சொன்ன வரிசையில் கேட்டுவிட்டு வந்தேன். "கார்ஜியஸ் ஜார்ஜ்" பத்துக்கு ஒன்பது. அந்த விழாக்களைத் திட்டும் பாட்டுக்கே எட்டு கொடுக்கலாம். போஸ்ட்கார்ட் சிங்கிள்கள் ஏழு. ஸ்ருதி விலகுவதைச் சகிக்க எனக்கு இன்னும் பழகவில்லை. "லூஸிங் ஸ்லீப்" தலைப்புப் பாட்டு நார்தர்ன் சோல் (வேகமான ஆட்டத்துக்கான சோல் இசை) ஓட்டம், காலைத் தட்டாமல் இருக்க முடியவில்லை. ஆல்பத்துக்கு ஆறரை. அனுதாபம் எதுவும் சேர்க்காத ஆறரை.

ரெக்கார்டு ராசா:

ஆறரையா? ஜானி மார் வாசித்த பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், குறைந்தது ஏழு போடுவீர்கள்.